காட்டுத்தீக்கு யார் பொறுப்பு?

கிராமிய சங்கங்களில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்



ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று பலக்கும்போது வன்னியிலும் கிழக்கிலும் காட்டோரக் கிராமங்களில் புகை மணக்கத் தொடங்கும். சில நாட்களில் அது ஒரு சேனைத் துண்டோடு அடங்கிவிடும். சில நாட்களில் வேலியைத் தாண்டி, பற்றையைத் தாண்டி, காட்டுக்குள் இறங்கிவிடும். நெருப்பு அணைந்த பின்னர் ஊரில் ஒரு கேள்வி எழும்: இது யார் வைத்த நெருப்பு?

இக்கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும். அதிகாரிகள் "சேனை வெட்டுபவர்கள்" என்பார்கள். கமக்காரர்கள் "வேட்டைக்காரர்", "பட்டிக்காரர்", "வெளியூர் ஆட்கள்" என்பார்கள். விரல்கள் மாறி மாறி நீட்டப்படும். அடுத்த ஆண்டும் காடு எரியும்.

கூட்டமொன்றில் இதைப்பற்றிப் பேசியபோது வயதான கமக்காரர் ஒருவர் எழுந்து, "காடு அவையின்ரை எண்டால், நெருப்பு மட்டும் எப்பிடிச் சுவாமி எங்கட?" என்று கேட்டார். சபை சிரித்தது. ஆனால் அது சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய கேள்வி அன்று. இந்தப் பாடம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியதே.

எமது நாட்டில் இடி மின்னல் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே மின்னலால் காடு பற்றுவது மிக அரிது. இங்கு எரியும் காடுகள் ஏறக்குறைய அனைத்தும் மனிதக் கையால் எரிபவையே. எனவே பொறுப்பு மனிதருடையது என்பதில் ஐயமில்லை. எந்த மனிதருடையது, எவ்வளவு என்பதே நாம் ஆராய வேண்டியது. பொறுப்பை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்ப்போம்: நெருப்பை மூட்டியவர், நெருப்புக்கு வழி திறந்து வைத்தவர், காட்டின் காவலை நீக்கியவர்.

1. நெருப்பு எப்படிப் பரவுகிறது?

நெருப்புக்கு மூன்று தேவை: எரியக்கூடிய பொருள், சூடு, காற்று. இவற்றில் ஒன்றை அகற்றினால் நெருப்பு சாகும். காற்றை நாம் நிறுத்த முடியாது. கோடையின் சூட்டையும் குறைக்க முடியாது. எமது கைக்கு எட்டுவது எரிபொருள் மட்டுமே. காட்டுத்தீத் தடுப்பின் பெரும்பகுதி காய்ந்த புல், சருகு, பற்றை ஆகியவற்றைக் கவனிப்பதுதான்.

பாலை, வீரை, முதிரை ஓங்கி நிற்கும் எமது பழைய உலர்வலயக் காடு இலகுவில் எரிவதில்லை. மேலே இலைகள் கூடி நிழல் செய்கின்றன. நிழலில் நிலம் ஈரம் காக்கிறது, புல் வளராது. அப்படிப்பட்ட காட்டின் ஓரத்தில் வரும் நெருப்பு சருகை மேய்ந்துவிட்டு உள்ளே போகப் போக அடங்கிவிடும்.

அதே காட்டைக் கண்டபடி தறித்து வெயில் உள்ளே விழச் செய்தால் நிலைமை மாறிவிடும். இலுக்கும் கினிப்புல்லும் நுழைகின்றன. கோடையில் அவை வைக்கோலாகக் காய்கின்றன. ஒரு பொறி போதும். எரிந்த இடத்தில் மரக்கன்றுகள் சாகும். புல்லின் வேர் சாகாது. முதல் மழைக்குப் புல் மறுபடியும் தளிர்த்து முன்னையிலும் அடர்த்தியாக நிற்கும். அடுத்த கோடையில் மேலும் இலகுவாக எரியும். நெருப்பு புல்லை வளர்க்கிறது, புல் நெருப்பை வளர்க்கிறது. இந்தச் சுற்றில் அகப்பட்ட காடு சில ஆண்டுகளில் வெறும் புற்றரையாகிவிடும். மலையகத்திலிருந்து 1977, 1983 வன்செயல்களின் பின்னர் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள், பத்தனைப் புல்வெளிகள் கோடைதோறும் எரிவதை அங்கேயே கண்டிருப்பார்கள்.

மனிதர் கைவிட்டுப் போன காணிகளிலும் இதுவே நடக்கிறது. இடம்பெயர்ந்த காலத்தில் உழவு கண்ட மேட்டுநிலங்கள் கினிப்புல்லாலும் முட்பற்றையாலும் நிறைந்தன. இன்றும் உரியவர் திரும்பாத காணிகள், பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட்ட வளவுகள் கிராமத்துக்கும் காட்டுக்கும் நடுவே நெருப்புக்குப் பாலமாகக் கிடக்கின்றன.

காடு எரிந்தால் எமக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்பதுண்டு. பாலைப்பழமும் வீரைப்பழமும் தேனும் மூலிகையும் விறகும் போவது கண்ணுக்குத் தெரியும் நட்டம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. குளத்தின் நீரேந்து பகுதியிலுள்ள காடு எரிந்தால் நிலம் மூடுதுணியின்றிக் கிடக்கும். ஐப்பசி மழை அந்த மண்ணைக் குளத்துக்குள் கொண்டுவந்து கொட்டும். குளம் தூர்ந்தால் சிறுபோக நீர் குறையும். ஆகவே காட்டில் எரிவது வயலின் தண்ணீரும்தான்.

2. முதற்படி: மூட்டியவர்

யார் யார் நெருப்பு வைக்கிறார்கள் என்பதை ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டும். சேனைக்காக வெட்டிக் காயவிட்டு எரிப்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டுக்குப் புதுப்புல் வேண்டும் என்று பழம்புல்லைக் கொளுத்துபவர்கள் இருக்கிறார்கள். தளிர் மேய வரும் மானைச் சுடுவதற்காக வைப்பவர்களும் இருக்கிறார்கள். தேன் எடுத்த பந்தத்தை அணைக்காமல் எறிபவர், சமைத்த அடுப்பை மூடாமல் போகும் பயணி, வீதியோரத்தில் பீடியை வீசுபவர், குப்பையைக் கொளுத்திவிட்டு வீட்டுக்குள் போகிறவர் எல்லோரும் இந்த வரிசையில் வருவார்கள்.

இவர்களுள் பலர் காட்டை எரிக்க நினைத்தவர்கள் அல்லர். "நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அது பொறுப்பை நீக்குமா?

விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவர் மூட்டிய நெருப்பு முட்செடிகளில் பற்றிப் பரவி அயலவரின் கதிர்க்கட்டையோ நிற்கும் பயிரையோ எரித்துவிட்டால், மூட்டியவர் ஈடு செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். அச்சட்டம் மூட்டியவரின் எண்ணத்தை விசாரிக்கவில்லை. அவர் கெட்டவரா நல்லவரா என்றும் கேட்கவில்லை. நெருப்பு உன் கையை விட்டுப் போனாலும் பொறுப்பு உன்னை விட்டுப் போகாது என்கிறது. கமக்காரருக்குக் கமக்காரர் தெரிந்து எழுதிய சட்டம் அது. முள்வேலியில் நெருப்பு எப்படி ஓடும் என்று அறிந்தவர்களுக்கே அப்படி எழுத வரும்.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட காட்டில் நெருப்பு மூட்டுவது அதன்படி குற்றம். ஆகவே முதற்படிப் பொறுப்பிலிருந்து எவரும் தப்ப முடியாது. வறுமை அந்தப் பொறுப்பை விளங்கிக்கொள்ள உதவும், நீக்கிவிடாது.

3. இரண்டாம் படி: வழி திறந்து வைத்தவர்

நெருப்பை மூட்டிய கை சிறியதாக இருக்கலாம். அது ஓடுவதற்குப் பாதை அமைத்த கை பெரியதாக இருக்கலாம். உலகில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்ப்போம்.

1997ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் சுமாத்திராவிலும் கலிமந்தானிலும் மூண்ட தீயின் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மாதக்கணக்கில் மூடியது. தொடக்கத்தில் பழி சேனைப்பயிர் செய்யும் ஏழைகள் மேல் விழுந்தது. பின்னர் செய்மதிப் படங்கள் வேறு கதை சொல்லின. தீயின் பெரும்பகுதி எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும் மரக்கம்பனிகளும் பெற்றிருந்த நிலங்களில் எரிந்துகொண்டிருந்தது. பெரிய அளவில் காடழிக்க நெருப்பே மலிவான வழி என்று அவை கண்டிருந்தன. இறுதியில் அந்நாட்டு அரசே நூற்றுக்கும் மேற்பட்ட கம்பனிகளின் பெயர்களை வெளியிட வேண்டியதாயிற்று. அதற்கு முன்னர் சதுப்புநிலக் காடுகளில் கால்வாய் வெட்டி நீரை வடித்ததால், ஈரமாகக் கிடக்க வேண்டிய நிலமே விறகாகிப் போயிருந்தது.

2018 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பரடைஸ் என்ற சிறு நகரம் எரிந்து 85 பேர் இறந்தார்கள். அதை மூட்டியது கமக்காரரோ வேட்டைக்காரரோ அல்லர். ஏறக்குறைய நூறு ஆண்டு பழைமையான மின்கம்பி வழியில் தேய்ந்துபோன கொளுக்கி ஒன்று அறுந்து பொறி பறந்தது. பசிபிக் காஸ் அன் எலெக்ட்ரிக் என்ற மின்நிறுவனம் 2020இல் நீதிமன்றத்தில் 84 மரணங்களுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவிலிருந்து இன்னுமொரு பாடமும் உண்டு. அங்கு 1935 முதல் வனத்துறை ஒரு விதி வைத்திருந்தது. எந்தக் காட்டுத்தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்பதே அது. பழங்குடி மக்கள் குளிர்ந்த காலத்தில் சருகைச் சிறிது சிறிதாக எரித்துவந்த வழக்கம் அதற்கு முன்னரே தடுக்கப்பட்டிருந்தது. பல பத்தாண்டுகளாகச் சருகும் பற்றையும் குவிந்தன. பிறகு மூண்ட தீயை அணைக்க எவராலும் முடியவில்லை. 1970களில் அந்த விதி கைவிடப்பட்டது. இதைக் கேட்டு "அப்படியானால் எங்கள் காட்டையும் எரிக்கலாம்" என்று எண்ணிவிடக் கூடாது. அங்குள்ள பைன் காடுகள் பல, சிறு நெருப்போடு வாழப் பழகியவை. எமது பாலையும் வீரையும் அப்படிப்பட்டவை அல்ல. ஒவ்வொரு காட்டுக்கும் அதற்கேற்ற பராமரிப்பு உண்டு. வேறு நாட்டு விதியை அப்படியே எமது காட்டில் பொருத்த முடியாது.

ஆகவே இரண்டாம் படியில் கேட்க வேண்டிய கேள்வி இது: எரியக்கூடிய பொருளை இங்கு குவிய விட்டவர் யார்? அது கள்ளமாக மரம் தறித்துக் காட்டைத் திறந்துவிட்ட வியாபாரியாக இருக்கலாம். சருகு அகற்றாமல் தேக்குத் தோட்டத்தைக் கைவிட்ட அலுவலகமாக இருக்கலாம். வளவைத் துப்புரவு செய்யாத அயலவராக இருக்கலாம். நாமாகவும் இருக்கலாம்.

4. மூன்றாம் படி: காவலை நீக்கியவர்

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். காடு "அவையின்ரை" ஆனது எப்போது?

ஆங்கிலேயர் ஆட்சியில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலத்தை, மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என்று கருதச் செய்தது. 1887இல் வனத் திணைக்களம் அமைந்தது. கிராமம் தனது என்று எண்ணிக் காத்துவந்த காடு, வேறொருவரின் சொத்தாகிவிட்டது. சொத்து மாறியதும் கிராமத்தின் காவலும் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

இப்படி நடந்தால் என்னவாகும் என்பதை இந்தியாவின் இமயமலை அடிவாரத்திலுள்ள குமாவோன் பகுதி தெளிவாகக் காட்டியது. 1911க்கும் 1917க்கும் இடையில் அங்கு பெரும்பரப்பு மலைக்காடுகள் அரசின் ஒதுக்கக் காடுகளாக்கப்பட்டன. மேய்ச்சல், தழை வெட்டுதல், புல்லுக்காகச் சருகை எரித்தல் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. 1921ஆம் ஆண்டுக் கோடையில் மக்கள் கொதித்தெழுந்து காடுகளுக்குத் தீ வைத்தார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், பெரும்பாலும் எரிந்தவை அரசு வியாபாரத்துக்காகப் போற்றிய பைன் காடுகள். தங்களுக்குத் தழையும் தண்ணீரும் தந்த ஓக் காடுகளை மக்கள் பெரும்பாலும் தொடவில்லை.

அரசு அதே ஆண்டில் மக்களின் குறைகளைக் கேட்கக் குழு அமைத்தது. அதன் விளைவாக ஒரு பகுதிக் காடுகள் வனத்துறையின் கையிலிருந்து எடுக்கப்பட்டன. 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் வந்தன. கிராமத்தார் தாமே குழுவைத் தெரிந்தெடுத்து, காவல் வைத்து, புல்லையும் விறகையும் பங்கிட்டுக்கொள்ளும் முறை அது. இன்று உத்தரகாண்ட் மாநிலத்தில் இத்தகைய பஞ்சாயத்துகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன.

நேபாளம் இன்னொரு சான்று. அங்கு 1957இல் காடுகள் அரசுடைமையாக்கப்பட்டன. காடு காப்பாற்றப்படும் என்று எதிர்பார்த்தார்கள். யாருடையதும் அல்லாத காடாகி அது அழிந்தது. 1978 முதல் காட்டைச் சிறிது சிறிதாகக் கிராமத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1993ஆம் ஆண்டின் வனச் சட்டம் பயனாளர் குழுக்களுக்கு முறையான உரிமை வழங்கியது. இன்று அங்கு இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் உள்ளன. 1992இல் நாட்டின் நூற்றுக்கு 26 பங்காக இருந்த காடு 2016இல் 45 பங்காகியது என்று செய்மதிப் படங்களைக் கொண்டு ஆய்வாளர் கணித்துள்ளனர்.

ஆனால் உரிமை மட்டும் போதாது. நேபாளத்தில் இளைஞர்கள் தொழில் தேடி வெளிநாடு சென்றுவிட்ட மலைக்கிராமங்களில் சருகு அள்ள ஆளில்லை, தீயணைக்கவும் ஆளில்லை. அங்கு 2021இல் மிக மோசமான காட்டுத்தீ மூண்டது. உரிமையும் வேண்டும், ஊரில் ஆட்களும் வேண்டும்.

எமது நாட்டிலும் 1995இல் வெளியான தேசிய வனக் கொள்கை, காட்டைப் பேணுவதில் மக்களின் பங்கை ஏற்றுக்கொண்டது. 2012 முதல் சில ஆண்டுகள் அவுஸ்திரேலிய உதவியுடன் சமூக வனத் திட்டம் பல மாவட்டங்களில் நடந்தது. ஆகவே பங்கு கேட்பது புதிய கோரிக்கை அல்ல. அரசு தன் கொள்கையில் எழுதி வைத்ததையே நாம் கேட்கிறோம்.

பெரியவரின் கேள்விக்கு விடை இப்படி அமையலாம்: காட்டில் எமக்குப் பங்கு மறுக்கப்படும்போது காவலும் பலவீனப்படுகிறது, அந்தப் பொறுப்பு மறுத்தவரைச் சேரும். ஆனால் பங்கு கேட்கும் ஊர், காக்கவும் தெரிந்த ஊர் என்பதைச் செய்து காட்ட வேண்டும். நெருப்பு அதைக் காட்டாது.

5. மீள்குடியேறியோருக்கு ஒரு விசேட வார்த்தை

போர்க்காலத்தில் எமது பனைகளும் காட்டு மரங்களும் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. இடம்பெயர்ந்த குடும்பங்கள் காட்டு விறகாலேயே உலை வைத்தன. 2009க்குப் பின்னர் திரும்பிச் சென்ற பலர், தங்கள் பழைய மேட்டுக்காணிகளில் வனபரிபாலனத் திணைக்களத்தின் எல்லைக்கற்கள் நிற்பதைக் கண்டார்கள். ஆளில்லாத ஆண்டுகளில் வளர்ந்த பற்றை, வரைபடத்தில் காடாகிவிட்டது. இது பெரும் வேதனை. அநீதி நடந்த இடத்தில் அதை அநீதி என்றே சொல்ல வேண்டும்.

இந்த நிலையில் சிலருக்கு ஓர் எண்ணம் வருகிறது: எரித்துத் துப்புரவாக்கி ஒரு போகம் விதைத்துவிட்டால் காணி எமதென்று காட்டிவிடலாம் என்று. இதை நான்கு காரணங்களால் தவிர்க்குமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, உயிர். வெடிக்காத வெடிபொருட்களும் மிதிவெடிகளும் இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்த பின்னரும் அகற்றும் பணி தொடர்ந்தது. பற்றைக்குள் கிடக்கும் எறிகணை சூட்டில் வெடிக்கும். துப்புரவு செய்யப்பட்டதென்று உறுதிப்படுத்தப்படாத காணியில் நெருப்பும் வைக்கக் கூடாது, அணைக்கவும் இறங்கக் கூடாது.

இரண்டாவது, சாட்சி. உங்கள் காணி உங்களுடையது என்பதற்குச் சாட்சி சொல்பவை பழைய மாவும் பலாவும், எல்லைப் பூவரசும், கிணற்றடித் தென்னையும், இடிந்த அத்திவாரமும்தான். நெருப்பு முதலில் விழுங்குவது அந்த மரச் சாட்சிகளையே.

மூன்றாவது, எதிர்ச்சாட்சி. இன்று செய்மதிப் படத்தில் எந்த மாதம் எந்தத் துண்டு எரிந்தது என்று பார்க்கலாம். முப்பது ஆண்டு பழைமையான உங்கள் காணி, நேற்று அடாத்தாகப் பிடித்த காடாகத் தோன்றிவிடும்.

நான்காவது, அயலவர். உங்கள் துண்டில் மூட்டியது அவருடைய வளவில் முடியலாம்.

நெருப்புக்குப் பதிலாகத் தாள்களைச் சேருங்கள். காணி அனுமதிப்பத்திரம் அல்லது உறுதி, கமநல சேவை நிலையப் பதிவு, பழைய பற்றுச்சீட்டுகள், தேர்தல் இடாப்புப் பிரதி, அயலவரின் சத்தியக்கடதாசி ஆகியவற்றை ஒரே கோவையில் வையுங்கள். நிற்கும் மரங்களையும் கிணற்றையும் படம் எடுத்து வையுங்கள். தனித்தனியே அலையாமல், கிராம அபிவிருத்திச் சங்கத்தினூடாகப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுத்து, கையொப்பமிட்ட பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

6. நாம் செய்யக்கூடியவை

எரிக்காமல் முடிந்தால் எரிக்காதீர்கள். சாம்பல் ஒரு போகத்துக்கு உரம் தரும் என்பது உண்மை. ஆனால் எரிக்கும்போது தழையிலுள்ள நைதரசன் புகையாகப் போய்விடும். மிஞ்சும் சாம்பலிலும் ஒரு பங்கை மழை கழுவிச் செல்லும். வெட்டிய பற்றையைச் சிறு துண்டுகளாக்கி மூடுபடையாக இடுங்கள், அல்லது மாட்டெருவோடு சேர்த்துக் கூட்டெரு ஆக்குங்கள். தடித்த கட்டைகளை விறகாக அடுக்குங்கள்.

உங்கள் சொந்தக் காணியில் எரித்தே ஆகவேண்டுமானால் இவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

– முன்கூட்டியே கிராம உத்தியோகத்தருக்கும் நான்கு பக்க அயலவருக்கும் அறிவியுங்கள்.

– துண்டைச் சுற்றிப் புல்லும் சருகும் இல்லாமல் மண் தெரியும்படி செதுக்கிய வெளி விடுங்கள். குறைந்தது பத்து அடி வேண்டும். உயர்ந்த புல் நிற்கும் பக்கத்தில் புல்லின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு விடுங்கள்.

– கச்சான் பலமாக வீசும் நாளில் வைக்காதீர்கள். காற்று அடங்கிய பிற்பகலைத் தெரிந்தெடுங்கள்.

– காற்று போகும் பக்கத்து ஓரத்தில் முதலில் மூட்டுங்கள். தென்மேற்குக் காற்றானால் வடகிழக்கு ஓரத்தில். அப்போது நெருப்பு காற்றை எதிர்த்து மெதுவாக நகரும். சரிவான நிலத்தில் மேலிருந்து கீழாக எரியுங்கள். நெருப்பு ஏற்றத்தில் ஓடும் வேகம் மனிதரின் வேகத்தை மிஞ்சும். 2018 மார்ச் 11ஆம் திகதி தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புற்சரிவில் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்கக் கூடாது.

– பச்சைக் குழை, நனைத்த சாக்கு, மண்வெட்டி, நீர் நிரப்பிய தெளிகருவி ஆகியவற்றோடு குறைந்தது ஐந்து பேர் நில்லுங்கள். பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

– சுவாலை அணைந்ததும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அடிக்கட்டைகள் நாட்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் மதியக் காற்றில் அவை மறுபடி பற்றும். தண்ணீர் ஊற்றி, மண்ணோடு கிளறி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று கண்ட பின்னரே விட்டுச் செல்லுங்கள்.

ஊராகச் செய்ய வேண்டியவையும் உண்டு. கமக்காரர் அமைப்பும் மாதர் அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து ஆனி மாதத்துக்கு முன்னர் ஒரு தீக்காவல் குழுவை அமைக்கலாம். ஆடி முதல் புரட்டாதி வரை முறை வைத்துக் காட்டோரத்தைப் பார்க்கலாம். ஆளில்லாக் காணிகளின் புல்லைச் சிரமதானமாக வெட்டி மாட்டுக்குக் கொடுக்கலாம். எரிபொருள் குறையும், தீவனமும் கிடைக்கும். காணி எல்லையில் காய்ந்த முள்வேலிக்குப் பதிலாகக் கிளிரிசீடியா, பூவரசு போன்ற பச்சை வேலி போடலாம். விறகு பொறுக்கப் போகும் பெண்களும் தேனெடுப்பவரும் பட்டிக்காரரும் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். காட்டில் எங்கே சருகு குவிந்திருக்கிறது, யார் வந்து போகிறார் என்பது அவர்களுக்கே முதலில் தெரியும்.

நெருப்பு கைமீறினால் வீரம் காட்டப் போகாதீர்கள். நெருப்பின் முன்பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். பொலிசுக்கும் வனபரிபாலன அலுவலகத்துக்கும் உடனே அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

காவல் செய்த நாட்களையும் அணைத்த நெருப்புகளையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வாருங்கள். இரண்டு கோடை காத்த ஊர் அந்தக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு திணைக்களத்துக்குப் போகலாம். "நாங்கள் காத்தோம்; விறகிலும் பழத்திலும் மேய்ச்சலிலும் எமக்குரிய பங்கை எழுத்தில் தாருங்கள்" என்று அப்போது உரிமையோடு கேட்கலாம்.

7. விசுவாசத்தின் ஒளியில்

தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் மனிதனைத் தோட்டத்தில் வைத்தபோது இரண்டு வேலைகள் கொடுத்தார்: பண்படுத்துவது, பாதுகாப்பது. முதலாவதைக் கமக்காரருக்கும் இரண்டாவதைத் திணைக்களத்துக்கும் அவர் பிரித்துக் கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே கைக்குத் தரப்பட்டன. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் நிலம் கடவுளுடையது என்றும் நாம் அதில் தங்கிச் செல்வோர் என்றும் நினைவூட்டுகிறது. இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இந்த வார்த்தையின் பொருள் மற்றவர்களைவிட நன்கு விளங்கும். அது அதிகாரிகளுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட வார்த்தை என்பதையும் மறந்துவிடக் கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட லவுதாத்தோ சி என்ற சுற்றுமடலில், பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று கற்பித்தார். காட்டைக் காக்க ஏழையை விரட்டுவதும், ஏழைக்கு உதவக் காட்டை எரிப்பதும் இரண்டு அழுகைகளில் ஒன்றுக்குக் காதை மூடுவதாகும்.

கலந்துரையாடலுக்கு

1. கடந்த கோடையில் எமது ஊரில் மூண்ட ஒரு நெருப்பை எடுத்துக்கொள்வோம். மூட்டியவர், வழி திறந்தவர், காவலை நீக்கியவர் என்ற மூன்று படிகளிலும் யார் யார் வருகிறார்கள்?

2. எமது கிராமத்துக்கும் காட்டுக்கும் இடையில் நெருப்புக்குப் பாலமாகக் கிடக்கும் காணிகள் எவை? அவற்றின் உரிமையாளருடன் யார் பேசுவது?

3. எமது குளத்தின் நீரேந்து பகுதியில் காடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? வயதானவர்கள் நினைவிலிருந்து ஒரு வரைபடம் கீறட்டும். இளைஞர் இன்றைய நிலையைக் கீறட்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

4. காணிப் பிணக்கு உள்ள குடும்பங்களின் ஆவணங்களைச் சேர்ப்பதற்கு யார் உதவுவது?

5. தீக்காவல் குழுவில் யார் யார்? முதல் முறை எந்தத் திகதியில் தொடங்குகிறது? பெயர்களையும் திகதியையும் இன்றைய கூட்ட அறிக்கையிலேயே எழுதிவிட்டுக் கலைந்து செல்லுங்கள்.